குளுக்கோஸ் டப்பாவும் கோலவிழியும்

மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் பள்ளி. திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அங்கே எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோலவிழி மட்டும் பிள்ளைகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த உதடு வெளுக்கிறது, எவள் கொட்டாவி மேல் கொட்டாவி விடுகிறாள், எவளுக்கு மூக்குக்குக் கீழே வியர்வை துளிர்க்கிறது, எவள் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்க்கிறாள் என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடப்பாள். சம்பளப் பட்டியலில் இந்த வேலையைப் போட்டிருக்கவில்லை. அதில் 'ஆயா' என்றுதான் இருக்கிறது. பெருக்குவது, மணி அடிப்பது, கழிப்பறை கழுவுவது. பத்தொன்பது வருஷமாக அவற்றையும் செய்துகொண்டு இதையும் செய்கிறாள். இதற்கு யாரும் நன்றி சொன்னதும் இல்லை, நிறுத்து என்று சொன்னதும் இல்லை.

வாரத்துக்கு ஒன்றிரண்டு பேராவது மயங்கி விழுவார்கள். வெயில் காலத்தில் நாலைந்து. பெரும்பாலும் விழுவதற்குள் கோலவிழி போய் அக்குளில் கை கொடுத்துத் தரையில் சாய்த்துவிடுவாள். தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். யாராவது ஒரு மிஸ் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். இரண்டு பேர் பிள்ளையைத் தூக்கி அதில் உட்கார வைக்கப் பார்ப்பார்கள். ஒருவர் தலையை நிமிர்த்திப் பிடிப்பார். ஒருவர் முகத்தில் தண்ணீரை விசிறுவார். கை லேசாக வெட்டினால் போதும், வலிப்பு என்று சொல்லி ஸ்கூட்டர் சாவியை உள்ளங்கையில் திணிக்க ஒருவர் தயாராக இருப்பார். சுற்றி நூறு பிள்ளைகள் கூடிக் காற்றையும் அடைத்துக்கொள்வார்கள்.

"நாற்காலி வேணாம் மிஸ். தரையில படுக்க வெச்சுக் காலத் தூக்குங்க. ரத்தம் தலைக்குப் போவ வேணாமா? ஒக்கார வெச்சா திரும்பியும் மயங்கும்."

"யூனிஃபார்ம் அழுக்காகிடும் ஆயாம்மா."

"அழுக்கானா தொவைச்சுக்கலாம் மிஸ்."

இதைப் பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறாள். மிஸ்கள் மாறுகிறார்கள், நாற்காலி மட்டும் மாறுவதில்லை.

பிள்ளை கண் விழித்ததும் அந்தப் பள்ளியில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று. காலையில் என்ன சாப்பிட்டாய்? என்ன பதில் சொன்னாலும் தீர்ப்பு ஒன்றுதான். ஒன்றும் சாப்பிடவில்லை என்றால், அதனால்தான். இரண்டு இட்லி என்றால், இரண்டு போதுமா. பூரி என்றால், எண்ணெய்ப் பலகாரம் பித்தம். உடனே தலைமை ஆசிரியை விஜயலக்ஷ்மி அம்மாவின் இரும்பு அலமாரி திறக்கும், ஆரஞ்சு ருசியில் குளுக்கோஸ் டப்பா வெளியே வரும். அந்தக் குளுக்கோஸ்தான் அந்தப் பள்ளியின் வைத்தியம், பிரசாதம் எல்லாம். அதற்காகவே மயங்கினவர்களும் உண்டு.

பத்தில் எட்டு மயக்கம் அப்படிப்பட்டதுதான் என்று கோலவிழிக்கும் தெரியும். வெறும் வயிறு, வெயில், அரை மணி நேரம் முழங்காலை விறைத்துக்கொண்டு ஆடாமல் நிற்பது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் தண்ணீர். பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும், அங்கே ஏழு கதவில் நாலுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள், பாதி மயக்கம் நின்றுவிடும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குளுக்கோஸ் டப்பாதான் ஒன்றுக்கு மூன்றாக வந்தது.

அவள் பேச்சு எடுபடாமல் போனதற்கு ஒரு கதை இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நிஷா என்று ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை, பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்றபடியே விழுந்தது. விழுந்ததும் கையும் காலும் நாலு தடவை வெட்டி இழுத்தது. கோலவிழி பயந்துபோய் நூற்றெட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தது, பின்னாலேயே பாதி மந்தைவெளியும் வந்தது. பள்ளியில் சாப்பாட்டில் விஷம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்பாமார்கள் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது நிஷா கேண்டீன் வாசலில் உட்கார்ந்து முட்டை பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் விஜயலக்ஷ்மி அம்மா ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னார். "கோலவிழி, இனிமே என்னைக் கேக்காம யாருக்கும் போன் பண்ணப்டாது. புரிஞ்சுண்டேளா?" கோலவிழி தலையை ஆட்டினாள். அந்த வருஷம் முழுக்க எட்டாம் வகுப்பு வானரங்கள் அவளைக் கண்டால் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டன.

அந்த அவமானம் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. அடுத்த மாதம் இரத்தசோகை முகாமுக்கு டாக்டர் ஜோயா என்று ஓர் அம்மா வந்தார். முகாம் முடிந்து மிஸ்கள் எல்லாம் சாப்பிடப் போய்விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. டாக்டரின் வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும் போலிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கோலவிழி போய்க் கேட்டேவிட்டாள். "டாக்டரம்மா, மயக்கத்துல எத்த வெச்சு இது பெர்சு, இது சிர்சுன்னு கண்டுபுடிக்கிறது?"

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, பிள்ளைக்குச் சொல்வதுபோல் இல்லாமல், சக டாக்டருக்குச் சொல்வதுபோலவே சொன்னார். நின்று விழுபவர்களுக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். காது அடைக்கும், கண் இருட்டும், வியர்க்கும். ரத்த ஓட்டம் ஒரு நிமிஷம் தலைக்குப் போதாமல் போவதுதான். கை கால் வெட்டுவதும் அதனால்தான், அது வலிப்பு ஆகிவிடாது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். மயக்கம் வரும்போலத் தெரிந்தால் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கச் சொல்லுங்கள், விழாமலேயே தப்பிக்கலாம்.

"ஆனா மூணு கேள்வி மட்டும் எப்பவும் கேளுங்க" என்றார். "ஓடும்போது விழுந்தாளா? விழப்போறது தெரியாமலே விழுந்தாளா? அந்தக் குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு போயிருக்காங்களா? இதுல ஒண்ணுக்கு ஆமான்னு பதில் வந்தாலும் விடாதீங்க. அது வயிறு இல்ல, இதயமா இருக்கலாம். ஈசிஜி எடுக்கற வரைக்கும் அந்தப் பிள்ளையை ஓட விடாதீங்க." மூச்சும் பேச்சும் இல்லாமல் கிடந்தால் நெஞ்சில் எங்கே கை வைத்து எப்படி அழுத்துவது என்று ஒரு சோபா மெத்தையில் அழுத்திக் காட்டிவிட்டுப் போனார். மிஸ்கள் திரும்பி வந்தபோது கோலவிழி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

ஷண்முகப்ரியா ஒன்பதாம் வகுப்பு. ஒல்லியாக, முழங்கால் துருத்திக்கொண்டு, எந்நேரமும் எதையாவது தாண்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை. நடந்து போகத் தெரியாது, எங்கே போனாலும் ஓட்டம்தான். இருநூறு மீட்டரில் பள்ளியில் அவளை முந்த ஆள் இல்லை. விளையாட்டு ஆசிரியர் கிரீஷ் அவளை நம்பித்தான் அந்த வருஷம் தொடர் ஓட்ட அணியையே கட்டியிருந்தார். ஆகஸ்டில் ஒருநாள் பயிற்சியில் அவள் விழுந்தாள். தடுக்கிவிட்டது என்றார்கள். கோலவிழி அப்போது மாடியில் இருந்தாள், பார்க்கவில்லை. குளுக்கோஸ் கொடுத்தார்கள், அதோடு போனது.

இரண்டாவது தடவை ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை மாலை. வெள்ளிக்கிழமை நந்தனத்தில் மண்டலப் போட்டி. கோலவிழி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கோலோடு ஷண்முகப்ரியா வளைவில் திரும்பினாள். தள்ளாடவில்லை. வேகம் குறையவில்லை. கையைக்கூட ஊன்றவில்லை. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே முகம் குப்புற விழுந்தாள்.

கோலவிழி ஓடினாள். ஐம்பத்திரண்டு வயசு, முட்டி வலி, செருப்பு எங்கேயோ போய்விட்டது. திருப்பிப் போட்டாள். தாடை கிழிந்து ரத்தம். அதைவிட அந்த உதடு. பத்தொன்பது வருஷம் வெளுத்த உதடுகளைப் பார்த்தவள் அவள். இது வெளுப்பு இல்லை, சாம்பல் பூத்த நீலம். மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. டாக்டர் காட்டிய இடத்தில் கையை வைத்தேவிட்டாள். அழுத்தப்போன நேரம் பிள்ளை ஒரு பெரிய மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்தாள்.

"வுழறதுக்கு முன்னாடி இன்னாமா இருந்துச்சு கண்ணு? கண்ணு இருட்டுச்சா?"

"ஒண்ணும் தெரியல ஆயாம்மா. ஓடிக்கிட்டே இருந்தேன். அப்புறம் உங்க மூஞ்சி."

மூன்று கேள்வியில் இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. கோலவிழி இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். எடுத்தவளுக்கு நிஷாவின் முட்டை பஃப்ஸ் ஞாபகம் வந்து தொலைத்தது. அந்தத் தயக்கத்துக்குள் கிரீஷ் வந்துவிட்டார், பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாள், யாரோ குளுக்கோஸ் கலக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். போன் மறுபடி இடுப்புக்குப் போனது. இதற்காக அவள் தன்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டாள் என்று கணக்கில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். முதலில் கிரீஷ். கெட்டவர் இல்லை, பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்தான். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

"சார், அது நின்னுக்கினு வுழல. ஓடிக்கினு இருக்கும்போது வுழுந்துச்சு. ரெண்டும் வேற வேற. வெள்ளிக்கெழம ஓட வுடாதீங்க சார்."

"ஹீட் ஆயாம்மா. தண்ணி போறல. நான் எலக்ட்ரால் குடுக்கறேன், நீங்க கவலப்படாதீங்க."

"சனவரி மாசத்துல ஆறு மணிக்கு இன்னா சார் ஹீட்டு?"

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். விசில் வாய்க்குப் போனால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்து வகுப்பு ஆசிரியை. தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. காயப் பதிவேட்டில் எழுதிவிட்டேன் என்றார். தாடையில் கீறல், மஞ்சள் களிம்பு போடப்பட்டது. எழுதியிருந்தது அவ்வளவுதான்.

கடைசியில் தலைமை ஆசிரியை அறை. கோலவிழி மூன்று கேள்வியையும் ஒப்பித்தாள். டாக்டர் ஜோயா பெயரையும் சொன்னாள். விஜயலக்ஷ்மி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு ஆத்துல ஒழுங்கா சாப்டறதில்லை. அம்மா வேலைக்குப் போறா, கவனிக்கறதுக்கு ஆள் இல்லை. நீங்க கொழப்பிக்காதீங்கோ. வெள்ளிக்கிழமை ஒரு டப்பா குளுக்கோஸ் எக்ஸ்ட்ராவா குடுத்தனுப்பறேன், போறுமா?"

"போறாது மேடம்."

"நீங்க என்ன டாக்டரா கோலவிழி?"

இதற்கு என்ன பதில் சொல்வது? டாக்டர் இல்லைதான். டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கியவள். அதற்கு மதிப்பில்லை என்றால் என்னத்தைச் செய்வது? வெளியே வந்து மணியை அடித்தாள். அன்று கடைசிப் பீரியட் மணி அடித்த அடியில் பூனை ஒன்று மதிலேறி ஓடியது.

வீட்டில் கபாலி அவள் புலம்பலைக் கேட்டுக்கொண்டே வெள்ளைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கபாலி அவள் வீட்டுக்காரர். சாந்தோம் பக்கம் வண்டியில் இஸ்திரி போடுகிறார். ஃபோர்ஷோர் எஸ்டேட் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வீடு. அவருக்குக் கோபம் என்பதே வராது, அதுவே கோலவிழிக்குப் பாதிக் கோபம்.

"உனக்கு இன்னாத்துக்கு மே இந்தப் பேஜாரு? சொல்ல வேண்டியதச் சொல்லிட்ட. கேக்கல. வுட்டுத் தள்ளு."

"வுட்டுட்டு? வெள்ளிக்கெழம அது திரும்ப வுழுந்து, இந்த வாட்டி எய்ந்துக்கலன்னா? நீ வந்து அவங்கம்மாவுக்குப் பதில் சொல்றியா?"

கபாலி சட்டைக் காலரை நீவினார். "ஸ்கூல்ல கீறவங்ககிட்டயே முட்டிக்கினு கீறியே, அவங்கம்மா எங்க கீது? பெத்தவ கேக்க மாட்டாளா?"

பத்தொன்பது வருஷத்தில் எந்தப் பிள்ளையின் அம்மாவிடமும் கோலவிழி நேராகப் போய்ப் பேசியதில்லை. அது மிஸ்களின் வேலை. ஆயா போய்ப் பேசினாள் என்று தெரிந்தால் வேலைக்கே ஆபத்து.

ஷண்முகப்ரியாவின் அம்மா இசக்கியம்மாள் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். ஊர் தாமிரபரணிக் கரை. கல்யாணமாகி வந்து பதினாறு வருஷம். புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கோலவிழி பஸ் ஏறினாள். கடைக்குள் நுழைந்தால் எவர்சில்வரைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்காது. டிபன் கேரியர் அடுக்குக்குப் பின்னால் இசக்கியம்மாள் ஒரு குடும்பத்துக்குக் குடம் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூல் ஆயா என்றதும் முகம் மாறியது. சாப்பாட்டு நேரத்துக்கு இருபது நிமிஷம் உண்டு. மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். இசக்கியம்மாள் டப்பாவைத் திறக்கவில்லை.

"அவ சாப்பிடலன்னு சொல்லத்தான வந்தீய? ஸ்கூல்ல இருந்து இது மூணாவது தடவ. நான் காலையில அஞ்சு மணிக்கு எந்திச்சு முட்ட அவிச்சுக் குடுக்கேன். அவ தின்னுட்டுத்தான் வாரா. யாரும் நம்ப மாட்டேங்காங்க."

"நான் நம்புறன்மா. அது வயித்துச் சமாச்சாரம் இல்ல. அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

கோலவிழி சொன்னாள். ஓடும்போது விழுந்தது, உதட்டின் நிறம், 'அப்புறம் உங்க மூஞ்சி' என்றது, டாக்டரம்மா, மூன்று கேள்வி. சொல்லச் சொல்ல இசக்கியம்மாளின் முகம் இறுகியது. மகளுக்கு நெஞ்சில் வியாதி என்று யாரோ ஒருத்தி படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னால் எந்தத் தாய் கேட்டுக்கொண்டிருப்பாள்?

"எம்பிள்ள சீக்காளின்னு சொல்லுதீயளா? ஓட்டத்துல செயிச்சா காலேஜுல சீட்டு கிடைக்கும்னு சார் சொல்லியிருக்காரு. அது ஒண்ணுதான் அவளுக்கு இருக்கு. அதுலயும் மண்ணள்ளிப் போடுதீயளே."

"ஒரே ஒரு கேள்விமா. அதுக்குப் பதில் சொல்லிட்டா நான் போய்ட்றேன். உங்க பக்கத்துல சின்ன வயசுல திடீர்னு செத்தவங்க யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்ல. எங்க வீட்டுல சீக்குல போன ஆளே கிடையாது. எங்கய்யா எண்பது வயசு வர இருந்தாரு."

அவ்வளவுதான். கோலவிழி எழுந்தாள். முட்டி பிடித்துக்கொண்டது, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு படி இறங்கினாள். வேலையும் போகப்போகிறது, காரியமும் ஆகவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அது துக்கமா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எந்தம்பி ஒருத்தன் போனான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆனா அது சீக்கு இல்ல. ஆறு."

கோலவிழி திரும்பினாள்.

"இசக்கிமுத்துன்னு பேரு. பத்தொம்பது வயசு. கூட்டாளிகளோட ஆத்துக்குப் போனான். கசம் இழுத்துட்டு."

"கசம்னா?"

"ஆத்துல சுழி இருக்கும்லா, ஆழமான இடம். உள்ள இழுத்துக்கிடும்."

"நீச்சல் தெரியாதா அவருக்கு?"

இசக்கியம்மாள் சிரித்தார். கசப்பான சிரிப்பு. "அவனுக்கா? ஏழு வயசுல இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துவான். ஊர்ல யார் விழுந்தாலும் அவனத்தான் கூப்பிடுவாங்க. அன்னைக்குப் பந்தயம் வச்சு நீந்தியிருக்கானுவ. இவன்தான் முன்னால போனான். நடு ஆத்துல கைய வீசிக்கிட்டே போனவன் அப்படியே மூழ்கிட்டான்னு சொன்னானுவ. கத்தக்கூட இல்லையாம்."

"அதுக்கு முன்னாடி எப்பனா மயங்கி வுழுந்திருக்காரா?"

"சின்னதுல ரெண்டு தடவ. ஓடிப் பிடிச்சு விளையாடும்போது. அது பேய் அடிச்சிருக்குன்னு எங்கம்ம கோயில்ல மந்திரிச்சுக் கயிறு…"

அந்த வாக்கியம் முடியவே இல்லை. கீழே யாரோ ஒரு அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் மடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். மறுபடி வைத்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆற்றைத் திட்டியிருக்கிறார். அதற்கப்புறம் அந்தக் கரைப் பக்கம் போனதே இல்லை. தம்பிக்குத் திதி கொடுக்கும்போதுகூடக் கிணற்றடியில்தான். மகளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. மெரினாவில் காலை நனைக்கக்கூட விட்டதில்லை. ஓடட்டும் என்று மட்டும் விட்டிருந்தார்.

"அக்கா" என்றார். அதுவரை அவர் கோலவிழியை எதுவும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

வியாழக்கிழமை காலை பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். ஷண்முகப்ரியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் கடைசிப் பயிற்சி. ஈசிஜி தாளைப் பார்த்த இளம் டாக்டர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பும்போது பெரிய டாக்டரோடு வந்தார். தாளை இரண்டு தடவை அளந்தார்கள். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, அதை ஓட்டுகிற மின்சாரத்தில்தான் கோளாறு, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் தயாராக அது எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது, வேகமாக ஓடும்போதோ நீந்தும்போதோ துடிப்பு தாறுமாறாகிவிடும் என்றார் பெரிய டாக்டர். பரம்பரையில் வருவது. மாத்திரை உண்டு, நல்ல மாத்திரை, தினமும் விடாமல் சாப்பிடவேண்டும். வேறு எந்த மருந்து வாங்கினாலும் கேட்டுவிட்டுத்தான் வாங்கவேண்டும். போட்டி ஓட்டம் கூடாது. அம்மாவுக்கும் இப்போதே ஈசிஜி எடுக்கவேண்டும். எடுத்தார்கள். அம்மாவின் தாளிலும் அதே நீளம் கொஞ்சமாக இருந்தது.

"நாளைக்குப் போட்டி டாக்டர்" என்றாள் ஷண்முகப்ரியா.

டாக்டர் பேனாவை மூடினார். "நாளைக்கு நீ ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்." பிறகு இசக்கியம்மாளிடம் கேட்டார், எந்த டாக்டர் அனுப்பினார் என்று. இசக்கியம்மாள் கோலவிழியைக் காட்டினார். கோலவிழி அப்போது அடுத்தவர் சிந்திய காபியைக் காலால் காகிதம் தள்ளித் துடைத்துக்கொண்டிருந்தாள், பழக்கதோஷம்.

வெள்ளிக்கிழமை வேறொரு பிள்ளை ஓடியது. பள்ளி அணி ஐந்தாவதாக வந்தது.

இதற்கப்புறமாவது ஊர் திருந்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் விஜயலக்ஷ்மி அம்மா மைக்கைப் பிடித்து, உடல்நலத்தில் அலட்சியம் கூடாது, எல்லாரும் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் மயங்கினார்கள். நாற்காலி வந்தது. கோலவிழியைத் தனியாகக் கூப்பிட்டு, பெற்றோரை நேரடியாகப் போய்ப் பார்த்தது விதிமுறைப்படி தப்பு, இந்தத் தடவை மெமோ எழுதவில்லை என்றார். நல்ல காரியம் பண்ணினேள் என்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. கிரீஷ் ஒரு வாரம் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் அவராகவே வந்து, யார் ஓடும்போது விழுந்தாலும் உடனே என்னிடம் சொல்லுங்கள், நானே ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறேன் என்றார். கபாலி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாலு கதவுக்கும் தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார், அதை இன்றுவரை பள்ளியில் யாரும் கவனிக்கவில்லை.

இதெல்லாம் கோலவிழிக்குப் பழகிய எரிச்சல்தான். தாங்க முடியாதது ஷண்முகப்ரியா. விளையாட்டு பீரியடில் மற்றவர்கள் மைதானத்துக்குப் போக, அந்தப் பிள்ளை மட்டும் ஓய்வறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த அறையைப் பெருக்குவது கோலவிழி. ஒரு மாதம் ஒரு வார்த்தை இல்லை. ஓடும் ஷூவைக் கொண்டுவந்து துடைப்பங்கள் வைக்கும் அறையில் வீசிவிட்டுப் போயிருந்தாள். கோலவிழி அதைத் துடைத்து மேல் பலகையில் வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை இந்தப் பிள்ளை விழவில்லை. ஆனால் விழாததை யாருக்கு எடுத்துக் காட்ட முடியும்? விழுந்திருந்தால் ஊரே அழும். விழாததனால் ஒரு பிள்ளை அவளை வெறுக்கிறது, அவ்வளவுதான் வெளியே தெரிகிறது.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள், வெளியே விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளை சுவரைப் பார்த்தபடியே பேசியது.

"நான் ஓடியிருந்தா நாம செயிச்சிருப்போம்."

"செயிச்சிருப்ப."

"டாக்டரே சொன்னாரு, ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்னு."

"சொன்னாரு. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"அம்மாகிட்ட நீங்க போய்ச் சொல்லாம இருந்திருந்தா என்ன? உங்களுக்கு என்ன வந்துச்சு?" அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. தாடைத் தழும்பு துடித்தது. "எனக்கு உங்களப் பிடிக்கவே இல்ல ஆயாம்மா. பாத்தாலே பிடிக்கல."

கோலவிழி பெருக்குவதை நிறுத்தினாள். எத்தனையோ நாளாக எரிந்துகொண்டிருந்த வயிறு அது, திருப்பிக் கொடுக்க வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கண் பழக்கத்தில் அந்தப் பிள்ளையின் உதட்டுக்குப் போனது. கோபத்தில் நன்றாகச் சிவந்திருந்தது.

"பிடிக்காட்டி போ" என்றாள். "பத்து வருஷம் கழிச்சு வந்து திரும்ப இத்தயே சொல்லு. இருபது வருஷம் கழிச்சும் வா. நான் இங்கதான் இருப்பேன்."

பிறகு மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஷண்முகப்ரியா பையைத் திறந்து, மாத்திரைப் பட்டையில் அன்றைக்கு உரிய இடம் காலியாக இருப்பதைத் தூக்கிக் காட்டினாள்.